வெள்ளியங்கிரியில் கூட்டமில்லாத நாள்

கோவைக்கு மேற்கே, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மடிப்பில் இருக்கிறது வெள்ளியங்கிரி. கொங்கு நாட்டில் பேச்சு வழக்கில் வெள்ளிங்கிரி. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இந்த மலையின் பெயரைத் தாங்கிய தாத்தாக்களும் பேரன்களும் ஊருக்கு ஊர் உண்டு. அடிவாரமான பூண்டியில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். அங்கிருந்து ஏழு மலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தால் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில், சாய்ந்து நிற்கும் பெரும் பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கம். தென்கயிலை என்று பக்தர்கள் சொல்வது இந்த இடத்தைத்தான். நொய்யலுக்கு நீர் தரும் ஓடைகள் பிறப்பதும் இந்த மலைத்தொடரில்தான்.

ஆண்டு முழுவதும் அடிவாரக் கோயிலுக்குப் போகலாம். மலையேற்றம் அப்படியல்ல. வழக்கமாகப் பிப்ரவரி தொடங்கி மே இறுதி வரை, நான்கு மாதங்களுக்கு மட்டுமே வனத்துறை பக்தர்களை மேலே அனுமதிக்கிறது. வழி ஒன்றே ஒன்று. ஆண்டு முழுக்கப் பரவியிருக்க வேண்டிய கூட்டம் நான்கு மாதத்துக்குள், ஒற்றையடிப் பாதை ஒன்றில் நெருக்கியடிக்கிறது. வேறு மலைகளில் கூட்டத்தைத் தவிர்க்க மாற்றுப் பாதை தேடுவார்கள். வெள்ளியங்கிரியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை; தேர்ந்தெடுக்க முடிவது நாளும் நேரமும்தான்.

பாதையைப் பற்றித் தெரிந்திருந்தால் நேரக் கணக்கு எளிதில் பிடிபடும். போகும் தூரம் ஆறு கிலோமீட்டர் அளவுதான் என்பதைக் கேட்டுவிட்டுப் பலர் ஏமாந்து போகிறார்கள். அந்த ஆறு கிலோமீட்டரில் நாலாயிரம் அடிக்கு மேல் உயர வேண்டும். பழகிய கால்களுக்கு நான்கு மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். முதல் மலை முழுக்கக் கற்படிகள். வீட்டுப் படிகளைப் போல ஒரே அளவில் இருக்காது. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி, அதற்கடுத்தது சாய்ந்த பாறை. மூச்சு முதலில் திணறுவது இங்கேதான். பாதியில் திரும்புகிறவர்களில் பலரைத் திருப்பி அனுப்புவதும் இந்த முதல் மலைதான். அது முடியும் இடத்தில் வெள்ளை விநாயகர் கோயில். அதற்கப்பால் வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று வழி நீள்கிறது. கைதட்டினால் நீர் சுரக்கும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர் கைதட்டிச் சுனை.

மூன்றாம் மலை வரை பெரும்பாலும் மரநிழல். மூங்கிலும் சோலையுமாகப் பாதை செல்கிறது. நான்காம் மலையில் ஒட்டன் சமாதி. ஐந்தாவது, உருண்டு நிற்கும் பெரும்பாறையை வைத்துப் பீமன் களியுருண்டை மலை எனப்படுகிறது. போகப்போகக் காடு விலகிப் புல்வெளி திறக்கிறது. காற்றை மறிக்க ஒன்றும் இல்லாத இடம். ஆறாம் மலையில் இறக்கம். இறங்கினால் ஆண்டி சுனை. பற்கள் கிடுகிடுக்கும் குளிரிலும் அங்கே தலை முழுகிவிட்டுத்தான் ஏழாவது மலையில் ஏறுவது மரபு. கடைசி மலை செங்குத்தானது, கையையும் ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் உண்டு.

கூட்டம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. முதல் மலையின் படிகள், வழுக்குப்பாறை, ஆண்டி சுனை, உச்சியில் லிங்கம் இருக்கும் பாறை இடுக்கு ஆகிய நான்கு இடங்களில்தான் தேங்கும். கடைசி இடத்தில் ஒரு நேரத்தில் சிலர் மட்டுமே நின்று கும்பிட முடியும். பின்னால் நூறு பேர் நின்றால் அது வரிசை. ஆயிரம் பேர் நின்றால், சரிவில், இருட்டில், குளிர்காற்றில் மணிக்கணக்கில் நிற்பது. கூட்ட நாளில் நடந்து களைப்பவர்களைவிட நின்றே களைப்பவர்கள்தான் அதிகம்.

கூட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பஞ்சாங்கம். மகா சிவராத்திரி, பௌர்ணமி நாட்கள், சித்திரை முதல் நாள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்ரா பௌர்ணமி. சித்ரா பௌர்ணமி இரவில் அடிவாரத்திலிருந்து பார்த்தால் மலையின் மேல் கைவிளக்குகளின் ஒளிக்கோடு அறுபடாமல் தெரியும் என்றால், அந்தக் கோட்டுக்குள் நடப்பவரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். இவை ஆண்டுதோறும் இடம் மாறுகிற நாட்கள். சிவராத்திரி 2024இல் மார்ச் 8, 2025இல் பிப்ரவரி 26, 2026இல் பிப்ரவரி 15 என்று வந்தது. சித்ரா பௌர்ணமி 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. ஆக, போன வருடம் அமைதியாக இருந்த வாரம் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் பௌர்ணமியையும் விரத நாட்களையும் பார்த்துவிட்டே தேதி குறிக்க வேண்டும்.

பஞ்சாங்கத்தோடு சேர்ந்து இன்னொரு கணக்கும் ஓடுகிறது. சனி, ஞாயிறு இரவுகளில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலிருந்தும் கோவைப் பட்டறைகளிலிருந்தும் நண்பர் குழாம்கள் வேன் பிடித்து வருகின்றன. பள்ளி, கல்லூரித் தேர்வுகள் முடிந்த ஏப்ரல் பின்பாதியிலிருந்து வார நாட்களும் நிறையத் தொடங்குகின்றன. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது பிப்ரவரி, மார்ச் மாதங்களின் செவ்வாய், புதன், வியாழன். அதிலும் தேய்பிறையின் பின்பகுதி, சிவராத்திரி நீங்கலாக. நிலா வெளிச்சம் இருக்காது என்பதற்காகவே பலர் தவிர்க்கும் நாட்கள் அவை. நல்ல தலைவிளக்கு ஒன்று கையிலிருந்தால் அது ஒரு குறையே இல்லை. பிப்ரவரியில் இரவுக் குளிர் கடுமை. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. கோவை நகரம் ஏறத்தாழ 1,350 அடியில் இருப்பதால், உச்சி நகரத்தைவிட 9 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். வீசும் காற்றும் வியர்வையில் நனைந்த சட்டையும் அந்தக் குளிரை இரட்டிப்பாக்கிக் காட்டும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் நனையவிடாமல் உச்சி வரை கொண்டுபோவது கம்பளியைவிடப் பயன்படும்.

நேரத்துக்கு வருவோம். பெரும்பாலோர் இரவு பத்து மணி வாக்கில் ஏறத் தொடங்கி, விடியலில் உச்சியில் நின்று சூரியனைப் பார்ப்பதையே திட்டமாக வைத்திருக்கிறார்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் சரிதான், எல்லோரும் அதையே நினைப்பதால் அதிகாலை நான்கு முதல் ஏழு வரை உச்சி நிரம்பி வழிகிறது. வார நாளொன்றில், மற்றவர்களுடன் சேர்ந்து, பின்னிரவு மூன்று, நான்கு மணிக்கு அடிவாரத்தில் புறப்படுகிறவர் ஒன்பது, பத்து மணியளவில் உச்சியை அடைவார். அப்போது விடியல் கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். சூரியோதயம் மூன்றாம், நான்காம் மலையில் கிடைக்கும். அது ஒன்றும் குறைந்த காட்சியல்ல.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. மேலிருந்து வருகிறவர்களோடு குறுகிய இடங்களில் எதிர்ப்பட வேண்டும். ஏறுகிறவர் மலைப்பக்கமாக ஒதுங்கி நின்று வழிவிடுவது பாதுகாப்பு. மற்றது வெயில். ஆனால் வெயில் உறைக்கும் மேல் மூன்று மலைகளில் காற்று குளிர்ந்திருக்கும். வெப்பம் ஏறும் நண்பகலில் நடப்பவர் கீழ் மலைகளின் மரநிழலுக்கு வந்திருப்பார். எனவே பகல் இறக்கம் பலர் அஞ்சுமளவு கொடுமையானதல்ல. அஞ்ச வேண்டியது ஏப்ரல், மே மாதங்களின் கோடை மழையை. பிற்பகலில் திடீரென்று திரளும் மேகமும் இடியும் திறந்த புல்வெளியில் ஒதுங்க இடமில்லாமல் செய்துவிடும். நண்பகலுக்கு முன் ஏழாவது மலையை விட்டு இறங்கிவிடுவது நல்லது. மழை வலுத்தால் வனத்துறையே மலையேற்றத்தை நிறுத்திவிடும். அன்றைய நிலவரத்தை அடிவாரத்தில் கேட்டுக்கொள்வது வீண் நடையைத் தவிர்க்கும்.

கூட்டமே இல்லாத மலை வேண்டுமென்றால் ஜூன் முதல் ஜனவரி வரை இருக்கிறதே என்று நினைக்கிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அந்த மாதங்களில் மலை மூடப்பட்டிருப்பதற்குக் காரணங்கள் உள்ளன. இது கோவை வனக்கோட்டத்தின் போளுவாம்பட்டி வனச்சரகத்தைச் சேர்ந்த காப்புக்காடு. அனுமதியின்றி நுழைவது குற்றம். தென்மேற்குப் பருவமழையில் படிகள் பாசி படர்ந்து வழுக்கும், மேகம் இறங்கினால் பத்தடி முன்னால் இருப்பது தெரியாது. வாளையாறு தொடங்கித் தடாகம், மேட்டுப்பாளையம் வரை நீளும் யானைகளின் வழித்தடமும் இந்த அடிவாரங்களைத் தொட்டுத்தான் செல்கிறது. பருவ காலத்திலேயே பூண்டிக் கோயில் வளாகம் வரை யானைகள் வந்து கடைகளைச் சாய்த்துவிட்டுப் போவது உண்டு. நான்கு மாதம் மனிதர் நெரிசல். மீதி எட்டு மாதம் காடு மூச்சு விடுகிற காலம். தனிமை வேண்டும் என்பதற்காக அந்த எட்டு மாதத்தில் கை வைப்பது நியாயமாகாது.

பருவ காலத்திலும் ஆளரவமே இல்லாத நேரத்தில் தனியாக ஏறுவது புத்திசாலித்தனம் ஆகாது. கூட்டம் குறைந்திருக்க வேண்டும், அற்றுப்போகக் கூடாது. முன்னாலும் பின்னாலும் கூப்பிடு தூரத்தில் நாலு பேர் இருப்பது யானை, கரடி பயத்துக்கும் கால் பிசகினால் உதவிக்கும் அவசியம்.

உடல்நிலை பற்றிய எச்சரிக்கை வெறும் சம்பிரதாயம் அல்ல. 2024 பருவத்தில் மலையேறியவர்கள் பலர் அடுத்தடுத்து உயிரிழந்தது செய்தியானது. இதய நோய், மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம் என்று அதிகாரிகள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதுதான் காரணம் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. உயர நோய் என மருத்துவர்கள் சொல்வது பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தொடங்குகிறது. வெள்ளியங்கிரி அதற்கு வெகு கீழே. இங்கே ஆளை வீழ்த்துவது, நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை செய்யும் உடல் ஒரே இரவில், தூக்கமின்றி, நண்பர்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நாலாயிரம் அடி ஏறுவது. பின்னால் வரும் கூட்டம் தள்ளும்போது ஓய்வெடுக்கத் தோன்றாது, தோன்றினாலும் உட்கார இடம் கிடைக்காது. நெரிசலில்லாத நாளைத் தேர்ந்தெடுப்பதன் மிகப் பெரிய லாபம் இதுதான்: அவரவர் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில் நடக்கலாம். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே மருதமலைப் படிகளிலோ, வீட்டருகே மாடிப்படிகளிலோ ஏறி இறங்கிப் பழகுவது உதவும்.

கூட்டமில்லா நாளுக்கென்று தனி ஆயத்தமும் தேவை. சுக்குக் காபி, சோடா, எலுமிச்சைச் சாறு விற்கும் வழியோரக் கடைகள் கூட்டத்தை நம்பி நடப்பவை. ஆள் குறைந்தால் கடைகளும் குறையும். தண்ணீரைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். சுனைகளிலும் மே மாதம் நீர் வற்றத் தொடங்கிவிடும். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை வேண்டாமென்று ஒதுக்குகிற இளைஞர்கள் இறங்கும்போது வருந்துகிறார்கள். ஏற்றத்தில் அது துணை, இறக்கத்தில் மூன்றாவது கால். முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். மலையின் தொடக்கத்தில் வனப்பணியாளர்கள் பைகளைச் சோதித்து, பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு அடையாள வில்லை ஒட்டி முன்பணம் வாங்கி, திரும்பக் கொண்டுவந்தால் பணத்தைத் தருவார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் இந்த வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை. ஆண்டி சுனையில் முழுகிவிட்டு ஈரத்துணியை அங்கேயே போட்டுவிட்டு வரும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. துணியை விட்டால் பாவம் போகும் என்பதற்கு எந்தத் தலபுராணத்தைச் சான்று காட்டுவார்களோ தெரியவில்லை. அந்தத் துணிகளைத் தன்னார்வலர்கள் முதுகில் சுமந்து இறக்குகிறார்கள் என்பது மட்டும் தெரிந்த உண்மை.

பத்து முதல் ஐம்பது வயது வரையிலான பெண்கள் மலையேறுவதில்லை என்ற வழக்கம் இங்கே நெடுங்காலமாக இருந்துவருகிறது. பூண்டி அடிவாரக் கோயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. குடும்பத்தோடு திட்டமிடுகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மலை காலியாக இருந்தும் சாலை நிரம்பியிருக்கலாம் என்பது வெளியூர்க்காரர்கள் அறியாத விஷயம். பேரூர், ஆலாந்துறை வழியாக வரும் சிறுவாணிச் சாலையில் இருட்டுப்பள்ளம் சந்திப்பில் பிரிந்துதான் பூண்டிக்குப் போக வேண்டும். ஈஷா யோக மையமும், 2017இல் திறக்கப்பட்ட 112 அடி ஆதியோகி சிலையும் அதே வழியில் இருக்கின்றன. கோவைக் குற்றாலத்துக்குப் போகிறவர்களும் இருட்டுப்பள்ளம் வரை இதே சாலையில்தான் வருகிறார்கள். ஞாயிறு மாலையில் இந்தச் சாலையில் ஊர்வது மலையேறிய கால்களுக்கு இரண்டாவது தண்டனை. காந்திபுரத்திலிருந்து பூண்டிக்குப் பேருந்து உண்டு. வார நாளில் மாலைப் பேருந்தில் வந்து, கோயிலில் சற்று உறங்கிவிட்டுப் பின்னிரவில் ஏறுவது பழையவர்களின் முறை. இன்றைக்கும் அதைவிட நல்ல முறை இல்லை.

கூட்டத்தை மலையே தாங்காது என்ற நிலை உலகெங்கும் வந்துவிட்டது. ஜப்பானின் ஃபூஜி மலையில் இரவோடிரவாக ஓய்வின்றி ஏறி விடியலைப் பார்க்கும் வேகமே பெரும் சிக்கலாயிற்று. வெள்ளியங்கிரி வழக்கத்துக்கு அது அப்படியே அண்ணன் முறை. 2024 கோடையில் யமனாஷி பக்கத்து யோஷிதா பாதையில் நாளுக்கு 4,000 பேர் என்று வரம்பு வைத்து, 2,000 யென் கட்டணமும் விதித்தார்கள். வழியிலுள்ள குடில்களில் தங்க முன்பதிவு செய்யாதவர்களுக்கு மாலை நான்கு முதல் பின்னிரவு மூன்று வரை வாயில் அடைக்கப்பட்டது. இலங்கையின் சிவனொளிபாத மலையில் (7,359 அடி) பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. ஹட்டன் பக்கத்து நல்லதண்ணி வழியில் கூட்டம் அலைமோதும்போது, நீண்ட இரத்தினபுரி வழியில் ஏறுகிறவர்கள் ஓரளவு அமைதியாகப் போகலாம். ஒரே பாதை கொண்ட வெள்ளியங்கிரிக்கு அந்த வசதி இல்லை. நாளுக்கு இத்தனை பேர் என்ற முன்பதிவு முறை இங்கும் வந்தால், சித்ரா பௌர்ணமி அன்று போக முடியாதவர்கள் முணுமுணுப்பார்கள். மலைக்கும் ஏறுகிறவர்களுக்கும் அது நல்லதாகவே இருக்கும்.

இப்படி வரம்பு வைப்பதற்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா (2,637 மீட்டர்) நிற்கும் நீலகிரிக்குச் செல்லும் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தோ, காலையில் கிளம்பும் மலை ரயிலோ பிடித்து உதகை சேர்வது நெரிசல் காலத்தில் காரைவிட நிம்மதி. மே மாதத்தில் குன்னூர் வழியே ஏறவும் கோத்தகிரி வழியே இறங்கவுமாகச் சாலைகளை ஒருவழியாக்குவது வழக்கம் என்பதையும் காரில் போகிறவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தை விட்டுவிட்டு, உறைபனி விழும் டிசம்பர் பிற்பகுதிக்கும் பிப்ரவரிக்கும் இடையில், பண்டிகை விடுமுறை இல்லாத வார நாள் காலையில் போனால் தொட்டபெட்டாவின் காட்சிமுனையில் கைப்பிடிக் கம்பியருகே நிற்க இடம் கிடைக்கும். வானமும் அப்போது தெளிவு.

கூட்டத்திலிருந்து விலகி நடப்பதையே விரும்புகிறவர்களுக்கு முறையான வழி ஒன்று 2024 அக்டோபரில் திறந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றம் கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதன்பின் அரசு கொண்டுவந்த மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. குறைந்த எண்ணிக்கையில் ஆட்கள், இணையத்தில் முன்பதிவு, கட்டணம், உடன்வரும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்பது ஏற்பாடு. கோவை மாவட்டத்துப் பட்டியலில் வெள்ளியங்கிரியோடு, சாடிவயல் – சிறுவாணி, செம்புக்கரை – பெருமாள்முடி, டாப்சிலிப் – பண்டாரவரை முதலிய பாதைகளும் இடம்பெற்றன. தீப்பருவமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இந்தத் திட்டத்தின் மலையேற்றங்கள் நிறுத்தப்படுகின்றன. எந்தப் பாதை எந்த வாரத்தில் திறந்திருக்கிறது என்பதைத் திட்டத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.